வாயில் மறுத்தலும் கிளைக்கும் கதைகளும்

ஞாயிற்றுக்கிழமைகளில் காக்களூர்த் தொழிற்பேட்டை ஓய்ந்து கிடக்கும். பட்டறைகளின் இரைச்சல் இராது. திருவள்ளூருக்குச் செல்லும் சாலையில் சரக்குந்துகளும் குறைவு. அப்படியொரு ஞாயிறன்று நண்பரின் மாடியறையில் நாங்கள் ஐவர் கூடினோம். வழக்கமாகக் கோவை நூல்களைப் படிக்கும் கூட்டம் எங்களுடையது. அன்று எடுத்துக்கொண்டதோ, வயதுவந்தோருக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு கணினிக் கதை! இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. வரலாற்றைச் சற்றே புரட்டிவிட்டு, அந்த மாடியறைக்கே திரும்புவோம்.

'விஷுவல் நாவல்' எனப்படும் காட்சிப் புதினம் சப்பானியர் தந்த வடிவம். திரையில் ஓவியம், அதன்மேல் வரிவரியாகக் கதை, இடையிடையே ஒரு வினா. நாம் எதைத் தேர்கிறோமோ, அவ்வழியே கதை கிளைக்கும். 1983இல் யூஜி ஹோரீ எழுதி எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட போர்டோபியா கொலைவழக்கு விளையாட்டை இதன் முன்னோடிகளுள் ஒன்றாகக் கொள்வர். 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் 'ஒட்டோகிரிசோ' படிப்பதையே விளையாட்டாக்கியது. 1996இல் லீஃப் என்னும் நிறுவனம், வயதுவந்தோருக்கான தன் கதைத்தொடருக்கு 'விஷுவல் நாவல்' என்றே பெயர் சூட்டியது. ஆக, இப்பெயர் பரவியதே வயதுவந்தோர் கதைகளின் வழியாகத்தான்! 2004இல் அவ்வகையில் வெளிவந்த 'ஃபேட் ஸ்டே நைட்', 2007இல் அந்தரங்கக் காட்சிகள் நீக்கப்பட்டு மறுபடி வந்தது. காட்சிகள் போயின, கதை நின்றது. வாசகரைக் கட்டிப்போட்டது எது என்பதற்கு இதுவே சான்று.

மேலை நாட்டாரும் இதை அறியாதவரல்லர். வாசகரே முடிவெடுக்கும் கதைநூல் ஒன்றை டோரிஸ் வெப்ஸ்டர், மேரி ஆல்டன் ஹாப்கின்ஸ் என்னும் இரு பெண்மணிகள் அமெரிக்காவில் 1930லேயே எழுதிவிட்டனர். ஒரு பெண் யாரை மணப்பது என்பதும் அதில் வாசகர் கையில் விடப்பட்டிருந்தது.

சரி, நம் மரபில்?

வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் தோளில் கிடந்தபடி அது சொல்லும் கதைகளில் பல, வயதுவந்தோர் கதைகளே. தலைகள் மாறிப் பொருந்திவிட்ட இருவரில் ஒருத்திக்குக் கணவன் யார்? மூவர் விரும்பிய பெண் எவனுக்கு உரியவள்? விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் மன்னன் தலை வெடிக்கும். சரியாகச் சொன்னாலோ வேதாளம் மறுபடி மரமேறும். சரியான விடைக்குப் பரிசில்லை, மீண்டும் நடைதான்! கணினிக் கதையோ இதற்கு நேர்மாறு. சரியான விடையைத் தொட்டால் அவள் புன்னகைப்பாள். தவறினால், சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு விடையைத் தொடலாம்.

இன்னும் நெருங்கிய உறவு அகத்திணையில் இருக்கிறது. களவில் கூடிய தலைவிக்கு எத்தனை வழிகள்! தோழி அறத்தொடு நிற்கலாம்; பெற்றோர் உடன்படலாம்; மறுத்தால் உடன்போக்கு. தலைவன் மடலேறுவேன் என மிரட்டலாம். பரத்தையிடமிருந்து திரும்பி வாயிலில் நிற்கும் தலைவனைத் தோழி உள்ளே விடலாம், விடாமலும் போகலாம். முன்னதற்கு 'வாயில் நேர்தல்' என்றும், பின்னதற்கு 'வாயில் மறுத்தல்' என்றும் பெயரிட்டு, இரண்டையும் தனித்தனித் துறைகளாகவே வைத்தனர் நம் இலக்கணிகள். சிதறிக் கிடந்த துறைகளை ஒரே கதையோட்டமாகக் கோத்தவை மாணிக்கவாசகரின் திருக்கோவையார், பொய்யாமொழிப் புலவரின் தஞ்சைவாணன் கோவை முதலிய கோவை நூல்கள். திருக்கோவையாரில் மட்டும் 400 பாடல்கள். அமிர்த கவிராயரோ 'நாணிக்கண் புதைத்தல்' என்னும் ஒரே துறையை எடுத்துக்கொண்டு, இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக்கி 400 பாடல்கள் பாடினார். ஒரே காட்சியை நானூறு முறை ஆடிப் பார்த்தவர் அவர்!

கேட்பவர் வழியைத் தேரும் உரிமை கோவையில் இல்லை, அது புலவனுடையது. ஊடலும் பெரும்பாலும் கூடலில்தான் முடியும். இவற்றை மறைத்து, 'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று மார்தட்ட நாங்கள் வரவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு எங்களை உறுத்தியது.

இனி, மாடியறைக்குத் திரும்புவோம். அக்கதையில் நாயகி ஓர் அலுவலகப் பெண்; முப்பதைத் தாண்டியவள். ஒரு மழையிரவில் நாயகன் அவள் வீட்டு வாயிலில் நிற்கிறான். எங்கள் தேர்வு பொருந்தவில்லை போலும். "இன்று வேண்டாம், போய் வாருங்கள்" என்று கதவைச் சாத்திவிட்டாள். திரை இருண்டு, 'மோசமான முடிவு' என்று அறிவித்தது. உடனே பின்னோக்கிச் சென்று வேறு சொல்லைத் தொட்டோம். மீண்டும் கதவு சாத்தப்பட்டது. மூன்றாம் முறை திறந்தது. ஐவரும் ஆரவாரித்தோம். இல்லை, நால்வர்தாம்.

ஐந்தாமவர் தொழிற்பேட்டையில் கணக்கெழுதும் அம்மையார். கோவைத் துறைகளை எங்களுக்குப் பிரித்துக் காட்டுபவரும் அவரே. "அவள் வேண்டாம் என்று சொன்னது உங்களுக்குப் பூட்டில் மாறிப்போன எண்ணாக மட்டுந்தான் பட்டதா?" என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை.

வாயில் மறுத்தல் நம் இலக்கணத்தில் தோல்வி அன்று. அது ஒரு முழுத் துறை. மறுத்தவளின் சொல்லில்தான் அப்பாட்டின் அழகே நிற்கிறது. கணினிக் கதையில் மறுப்பென்பது திருத்தப்பட வேண்டிய பிழை. ஆசையை எழுதுவதில் எங்களுக்குத் தடையில்லை; நம் முன்னோர் எழுதாததா? ஆனால், மறுக்கும் உரிமை இல்லாதவள் பாத்திரமாக முடியாது, அவள் பரிசுப்பொருள். பின்னோக்கிச் செல்லும் வசதி நாயகனுக்கு மட்டுமே இருப்பது கதைக்கே இழப்பு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கதைவிளையாட்டுகளில் நம்மவரும் நுழைந்துவிட்டனர். 2023இல் டொராண்டோவின் விசை நிறுவனம் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த்தாயின் சமையலறையை உலகுக்குக் காட்டி, 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது. காட்சிப் புதினம் ஆக்க உதவும் 'ரென்பை' என்னும் இலவசக் கருவி 2004 முதல் உள்ளது. எனினும் அதில் 'கெ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அக்குறையும் 2023இல் நீங்கியது. இனித் தமிழில் எழுதத் தடையேதும் இல்லை.

அம்மையார் இப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் மூன்று முடிவுகள். ஒன்றில் கதவு திறக்காது. அம்முடிவுக்குத்தான் மிக நீண்ட பகுதியை ஒதுக்கியிருக்கிறார்: கதவை மூடியபின் அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்பது.

அந்த வழியில் செல்ல வாசகர்களாகிய நமக்குப் பொறுமை உண்டா?