நூற்றுக்கு ஒன்பது

குதிரை இரண்டாவதாக வந்தால் கட்டிய காசு திரும்பும். ஒரு கிழமைத் தோல்வியில் ஒரு பங்கு திரும்பும். இங்கிலாந்தில் றேஸ் கட்டுகிறவர்களை இன்று புக்கிகள் இப்படித்தான் அழைக்கிறார்கள். காசு திரும்பும் என்ற பேச்சுக்கு இங்கே இவ்வளவு மயக்கம் ஏன் என்று அறிய, 2001க்கு முந்திய பந்தயக் கடைகளைப் பார்க்க வேண்டும். கிழக்கு லண்டனில் அப்படியொரு கடையின் கவுண்டரில் நின்றவன் நான்.

அந்தக் கடைகள் சட்டப்படி திறந்ததே 1961 மே 1இல்தான். அதற்கு முன் வசதியுள்ளவர் வீட்டிலிருந்தபடி தொலைபேசியில் கடனுக்குப் பந்தயம் கட்டலாம், குற்றமில்லை. தொழிலாளி தெருமுனையில் புக்கிக்காக நிற்கும் ரன்னரிடம் ரொக்கமும் பந்தயத் துண்டும் கொடுத்தால் 1906ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். ஓடுவது ஒரே குதிரைதான். இந்த அநீதியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கடைகளை அனுமதித்த பிறகும் 1986 வரை உள்ளே தொலைக்காட்சிகூட வைக்க விடவில்லை.

1966இல் பந்தய வரி வந்தது. முதலில் 2.5 வீதம், பிறகு ஏறியது. மைதானத்தில் கட்டுகிறவர்களுக்கு 1987இல் அது நீங்கியது. கடைக்கு வருகிறவர்களுக்கு நீங்கவில்லை. 1996 முதல் அரசு எடுத்தது 6.75 வீதம், நாங்கள் வாடிக்கையாளரிடம் பிடித்தது 9.

துண்டை வாங்கியதும் கேட்போம்: வரி இப்போதா, பிறகா? 10 பவுண் பந்தயத்துக்கு அப்போதே 90 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால், வென்றபின் முதலும் சேர்ந்து வரும் தொகையில் 9 வீதம் வெட்டு. மூன்றுக்கு ஒன்று விலையில் வென்றால் வரவேண்டியது 40 பவுண். கையில் கிடைப்பது 36 பவுண் 40 பென்ஸ். போடும் ஒவ்வொரு பவுணுக்கும் கணக்குப் பார்த்தால் முன்கூட்டிக் கட்டுவதே மயிரிழை இலாபம். ஆனால் வாடிக்கையாளரின் மனம் வேறு கணக்குப் போட்டது. கொழும்பிலேயே இங்கிலாந்துக் குதிரைகளில் கட்டிப் பழகிய ஒரு பெரியவர் எப்போதும் சொல்வார்: "தம்பி, வரியை இப்பவே எடுத்துப்போடு. வெண்ட காசில வெட்டு விழுந்தா மனம் பொறுக்காது."

அந்த மனத்தைப் புக்கிகள் நன்றாகப் படித்திருந்தார்கள். லக்கி 15 என்றொரு பந்தயம்: நான்கு குதிரைகள், பதினைந்து கட்டு. ஒன்று மட்டும் வென்றால் பல கடைகளில் இரட்டை விலை. நான்கும் வென்றால் பத்து வீதம் போனஸ். தோற்றுப்போகும் துண்டுக்கும் ஓர் ஆறுதல் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய கேஷ்பேக்கின் தாய் என்பேன்.

1999இல் விக்டர் சாண்ட்லர் தன் தொழிலை ஜிப்ரால்டருக்குக் கொண்டுபோனார். அங்கே தொலைபேசியில் கட்டினால் வெட்டு 3 வீதம்தான். பெரிய நிறுவனங்களும் அந்த வழியே போகத் தொடங்கின. அடுத்த ஆண்டு பெட்ஃபேர் வந்தது. அங்கே கட்டுகிறவர்கள் தங்களுக்குள்ளேயே விலை பேசிக்கொண்டார்கள். 2001 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் அந்த வரியைக் கைவிட்டு, புக்கியின் மொத்த இலாபத்தில் 15 வீதம் என்று மாற்றினார். நடைமுறைக்கு வந்த அக்டோபர் 6 ஒரு சனிக்கிழமை. அன்று முதல் வென்றவருக்கு 40 என்றால் 40தான்.

வெட்டு போனபின் போட்டி விலையிலும் சலுகையிலும் இறங்கியது. ஆனால் திரும்பி வருவது பெரும்பாலும் ரொக்கமல்ல, இலவசப் பந்தயம். அதே மூன்றுக்கு ஒன்று விலையில் 10 பவுண் இலவசப் பந்தயம் வென்றால் 30 பவுண் வரும். கட்டிய 10 வராது. நாங்கள் வெட்டிய 3 பவுண் 60 பென்ஸைவிட இந்த இழப்பு பெரிது. சலுகைகளை மட்டும் தேர்ந்து கணக்காகக் கட்டி இலாபம் பார்க்கிறவரின் கணக்கில் சலுகை முதலில் நிற்கும். பிறகு அவர் கட்டக்கூடிய தொகையும் சில பவுண்களாகச் சுருங்கும். தொடர்ந்து தோற்கிறவருக்குத்தான் அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.