புகையானும் மானியமும்: இந்தோனேசிய நெல் வேளாண்மையில் 1986ஆம் ஆண்டு ஆணை

வெப்பமண்டல ஆசியாவின் நெல்வயல்களில், பசுமைப் புரட்சிக்கு முன்னர் புகையான் பெரும் பொருட்டாக இருந்ததில்லை. அதனைப் பெரும்பகையாக்கியதில் பூச்சிக்கொல்லிக்கே பெரும்பங்குண்டு. மருந்து தெளிக்கப்படும்போது சிலந்தி முதலான இயற்கை எதிரிகள் மடிகின்றன. இலையுறைக்குள் இடப்பட்ட புகையான் முட்டைகளோ தப்பிப் பொரிக்கின்றன. உண்பாரற்ற வயலில் அவை பல்கிப் பெருக, உழவர் மீண்டும் தெளிக்கின்றனர்.

இந்தோனேசியாவில் இச்சுழற்சிக்கு அரசே பணம் தந்தது. 1980களின் நடுப்பகுதியில் பூச்சிக்கொல்லி விலையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மானியம் ஈடுசெய்தது. அதாவது கேடு மலிவாகக் கிடைத்தது. 1984இல் அரிசித் தன்னிறைவு எய்திய நாட்டில், ஓரிரு ஆண்டுகளிலேயே ஜாவாவின் வயல்கள் புகையானால் கருகின. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த 3ஆம் எண் ஆணை, நெற்பயிருக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது. 1989 தொடக்கத்தில் மானியமும் முற்றிலும் நீங்கியது. அதனால் விளைச்சல் வீழவில்லை என்பதே கருதத்தக்கது. உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அவ்வாண்டில் தோன்றியவையே.

ஆணையின் முதன்மை நோக்கம் அரிசியைக் காப்பது. தெளிப்பவரின் உடல்நலம் அன்று. அவ்வுடல்நலக் கேட்டைப் பணமதிப்பில் அளந்தவர்கள் பிலிப்பைன்சில் ஆய்ந்த அக்னஸ் ரோலா, பிரபு பிங்கலி ஆகியோர். மருத்துவச் செலவையும் இழந்த வேலைநாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், இயற்கை எதிரிகளை நம்பித் தெளிப்பைத் தவிர்ப்பதே உழவர்க்கு ஆதாயம் என 1993இல் வெளியான அவர்களது நூல் காட்டியது. பூச்சிக்கொல்லியை விளைச்சலுக்கான காப்பீடாகக் கண்ட பழைய வாதம் இக்கணக்கின் முன் நிற்கவில்லை.