நாற்றம் போன சொல்

பல்லடம் பக்கத்து வெங்காயப் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் கல் பரப்பி, நாலு புறமும் மூங்கில் தட்டி நிறுத்தி, உள்ளே சின்ன வெங்காயத்தைக் கொட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருப்பார்கள். காற்று ஊடே போய்வர வேண்டும், சாரல் உள்ளே இறங்கக் கூடாது. விலை ஏறும்வரை வெங்காயம் அங்கேதான் காத்திருக்கும்.

எங்கள் அம்மாயி பட்டறையைத் திறந்து பார்க்கவே மாட்டார். காலையில் கட்டுத்தரைக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நிற்பார். "உள்ளுக்கு எங்கியோ போயிருச்சு கண்ணு, ஆளுகளப் பிரிச்சுப்போடச் சொல்லு" என்பார். பிரித்தால், வெளித்தோல் பளபளவென்று இருக்கிற வெங்காயம் விரல் பட்டதும் கொழகொழவென்று வழியும். அதைச் சுற்றி இருபது முப்பது அதே கதியில் இருக்கும்.

ஊழல் என்ற சொல்லின் வீட்டைத் தேடிப் போனபோது எனக்கு அந்தப் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. சொல்லின் வேர் 'ஊழ்'. ஊழ் என்றால் விதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். திருக்குறளின் 38ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். ஆனால் 'ஊழ்த்தல்' என்ற வினைக்குப் பழைய தமிழில் மலர்தல், முதிர்தல், பதம் கெடுதல் என்று பொருள் நீண்டுகொண்டே போகிறது. மொட்டு விரிவதிலிருந்து கனி அழுகுவதுவரை ஒரே சொல். காலம் ஆக ஆக ஒரு பொருளுக்கு நடப்பதெல்லாம் ஊழ். விதி என்ற பொருளும் இந்த முதிர்ச்சியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்: செய்தது பழுத்துக் கைக்கு வருகிறது.

650ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். கற்றதைப் பிறர்க்கு விரித்துச் சொல்லத் தெரியாதவரைக் கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ என்கிறார் வள்ளுவர். அங்கே மலர்வதற்கு அவர் கையாளும் சொல் 'ஊழ்த்தல்', மணப்பதற்கு 'நாறுதல்'. இன்று ஒருவரைப் பார்த்து 'நாறுகிறாய்' என்று சொல்லிப் பாருங்கள்! ஒரே குறளில் அருகருகே உட்கார்ந்திருந்த இரண்டு சொற்களும் பின்னால் கெட்டுப்போயின.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஊழலுக்குப் 'பதனழிவு' என்று இருக்கிறது. நரகம் என்றும் ஒரு பொருள் உண்டு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிக்கு, அதாவது 1992க்கு வரும்போது ஊழல் பதவியில் இருப்பவர்களின் முறைகேடாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பத்திரிகைகளும் மேடைகளும் அதைப் பட்டறையிலிருந்து எடுத்துப்போய்க் கோட்டையில் வைத்துவிட்டன.

அண்டை மொழிகள் வேறு உவமைகளைப் பிடித்தன. கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டினால் ஊழல் 'அழிமதி' ஆகிவிடும். வடக்கே திம்பம் ஏறிக் கர்நாடகத்துக்குள் போனால் 'பிரஷ்டாசார'. பிரஷ்டம் என்றால் விழுந்தது. தெலுங்கர்கள் நீதிக்கு எதிர்ப்பதமாக 'அவிநீதி' என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு உடைதல் என்று பொருள். ஒருவருக்கு அழிகிறது, ஒருவருக்கு விழுகிறது, ஒருவருக்கு உடைகிறது. நமக்கு உள்ளுக்குள் அழுகுகிறது. உடைந்தால் சத்தம் கேட்கும். அழுகலுக்குச் சத்தம் இல்லை, அம்மாயி மாதிரி ஒருவர் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

கோவையில் அப்படி ஒரு பட்டறையை ஒருமுறை பிரித்துப்போட்டார்கள். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கொங்கு கும்பினி கைக்கு வந்தது. 1804இல் வடக்கும் தெற்குமாக இருந்த இரண்டு பகுதிகளை ஒன்றாக்கிக் கோயம்புத்தூரைத் தலைநகராக்கினார்கள். பிறகு பல ஆண்டுகள் கலெக்டராக இருந்தவர் வில்லியம் காரோ. அவருடைய கஜானா காசிச் செட்டி என்பவர் பொறுப்பில் இருந்தது. குடியானவன் கட்டிய வரி கஜானாவுக்குள் நுழைகிற வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். வியாபாரமும் செய்தார். இந்தச் சீமையில் அன்றைக்குப் பெரிய பணம் புரண்ட சரக்கு புகையிலை. கொங்குப் புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளக் கரைக்குப் போகும். கும்பினி அதில் ஏகபோகம் கொண்டுவந்தபோது, சர்க்கார் பணம் எது, செட்டியார் சரக்கு எது என்ற கோடு கலைந்துபோனது. கீழே இருந்த உத்தியோகஸ்தர்கள் பலரும் கூட்டு.

1815இல் ஜான் சல்லிவன் கலெக்டராக வந்தார். நான்கு ஆண்டு கழித்து நீலகிரிமேல் ஏறி, பின்னாளில் ஊட்டியை உருவாக்கினாரே, அதே சல்லிவன். அவரையும் கர்னல் தாமஸ் மன்றோவையும் விசாரணைக்கு நியமித்தார்கள். மன்றோவுக்கு இந்தச் சீமை புதிதல்ல, திப்புவிடமிருந்து வந்த பாராமகாலில் 1792 முதல் ஏழு வருடம் நிலவரி வேலை பார்த்தவர். 1816இல் கணக்குகளைக் கிளறினார்கள். கிடைத்தது ஓர் ஆளின் திருட்டாக மட்டும் இல்லை, கச்சேரி முழுக்கப் பல வருடமாகப் பழுத்த ஒரு ஏற்பாடாக இருந்தது. மேலே கலெக்டர் கையெழுத்து, வெளித்தோல் பளபளப்பு.

இந்தக் கதையை வெள்ளைக்காரர்கள் எழுதும்போதெல்லாம் சுதேசிக் குமாஸ்தாக்கள் ஒன்றுசேர்ந்து ஓர் ஐரோப்பியரை ஏமாற்றிய கதையாகவே எழுதுவார்கள். அத்தனை வருடம் அந்த ஐரோப்பியரின் மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று நாம் கேட்கலாம்.

அன்றைய கோவைக் குடியானவன் இதை ஊழல் என்று சொல்லியிருக்க மாட்டான். மேலே நடந்ததற்குக் கையாடல், அவனிடம் வாங்கியதற்குக் கைக்கூலி அல்லது லஞ்சம் என்றிருப்பான். இதில் லஞ்சம் கோவைக்கு வசதியான சொல். ராஜ வீதிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்குகின்றன. மூன்று மொழியிலும் லேசாக வால் மாற்றினால் போதும், அதே லஞ்சம்தான். இன்னொன்று மாமூல். அரபியிலிருந்து சர்க்கார் கச்சேரி வழியாக வந்தது, 'வழக்கமானது' என்று பொருள். மாமூலாக வருகிற பால்காரர் என்று இன்றும் குற்றமில்லாமல் சொல்கிறோம். லாரிக்காரர் செக்போஸ்டில் நீட்டுவதும் மாமூல்தான். எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பயம். ஊழலில் ஒரு அருவருப்பாவது இருந்தது. மாமூலுக்கு அதுவும் கிடையாது.

1964இல் ஊழலைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் தனி இயக்ககமே ஏற்பட்டது. சட்டத்துக்குப் பெயர் ஊழல் தடுப்புச் சட்டம். ஆனால் நாளிதழ்களுக்கும் நமக்கும் அவர்கள் 'லஞ்ச ஒழிப்பு போலீஸ்'. ஊழல் என்று எழுதினால் கோடிக்கணக்கு எதிர்பார்ப்பார்கள் போலும். ஐயாயிரத்துக்கு லஞ்சம்தான் பொருத்தம். 'ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டு' என்ற தொடர் இல்லாத வாரம் கோவைப் பதிப்பில் அபூர்வம். அந்த ரசாயனம் பினாப்தலீன், வெள்ளைப் பவுடர், நோட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவரின் விரல்களை சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் முக்கச் சொல்வார்கள். தெளிவாக இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் அடைத்து, முத்திரை வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். கையாடல், கையூட்டு, கைக்கூலி, கையும் களவும். தமிழ் இந்த விஷயத்தில் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மாயி போன பிறகு, அந்தப் பட்டறை இருந்த காட்டுக்குப் பட்டா மாறுதல் வாங்க ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். எனக்கு எதிரே சுவரில், லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்ற பலகை இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். மூன்றாவது தடவை போனபோது ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "சர்வேயருக்கும் போகணுமுங்க, எனக்கொண்ணும் வேண்டாமுங்க, பாத்துச் செய்யுங்க" என்றார். லஞ்சம் என்ற சொல் வரவில்லை. மாமூல்கூட வரவில்லை. நானும் கேட்கவில்லை. "டீச் செலவுக்கு வெச்சுக்குங்க" என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. தானாக வாயில் வந்தது.

வெளியே கடையில் நாலு பேர் தினசரியை விரித்து வைத்துக்கொண்டு ஏதோ ஒரு துறையின் ஊழலைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து, எத்தனை கோடி என்று கேட்டேன்.

பட்டா பதினோராம் நாள் வந்தது.