மிச்சம் 900 டாலர்

"லாட்டரி அடிச்சா என்ன பண்ணுவே?" ஆபீஸ் மதியச் சாப்பாட்டில் அடிக்கடி வரும் கேள்வி. 2022இல் கேரள ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ஆனபோது ரொம்பவே ஓடியது. பதில்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: வேலையை விடுவேன், ஹோம் லோனை அடைப்பேன், அம்மா பேரில் ஒரு வீடு, ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம். இனி யாரும் எனக்கு வேலை சொல்லக்கூடாது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஆசை. இதையும் விடுதலை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொல்லின் நேரடிப் பொருளிலேயே லாட்டரிப் பணத்தில் விடுதலை வாங்கிய ஒருவர் வரலாற்றில் உண்டு.

18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் லாட்டரி சர்வ சாதாரணம். வரி போட்டால் ஜனங்கள் கத்துவார்கள், சீட்டு விற்றால் அவர்களே வந்து காசு கொடுப்பார்கள். சாலை, தேவாலயம், கல்லூரி என்று பலவற்றுக்கும் இப்படிப் பணம் திரட்டினார்கள். 1776இல் சுதந்திரப் போருக்கே லாட்டரி நடத்தினார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக நகரில் ஈஸ்ட் பே தெருவின் பெயரில் ஒரு லாட்டரி இருந்தது. 1799 நவம்பரில் அதில் 1,500 டாலர் பரிசு விழுந்தது ஓர் அடிமைக்கு.

ஜோசப் வீஸி என்ற கப்பல் தலைவன் அடிமை வியாபாரி. 1781இல் சுமார் 14 வயதுப் பையன் ஒருவனை இன்றைய ஹைட்டியில் விற்றான். பையனுக்கு வலிப்பு வருகிறது என்று வாங்கியவர்கள், பழுதான சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுபோல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீஸி அவனைத் தன்னோடே வைத்துக்கொண்டான். லாட்டரி விழுந்தது அந்தப் பையனுக்குத்தான், சுமார் 32 வயதில்.

சட்டப்படி அடிமைக்குச் சொத்து கிடையாது. பரிசையும் சேர்த்தே பிடுங்கியிருக்கலாம். ஆனால் 600 டாலருக்கு அவரை விடுவிக்க ஒப்புக்கொண்டார்கள். 1799 டிசம்பர் 31 அன்று பத்திரம் கையெழுத்தானது. அடுத்த நாள் புத்தாண்டில் விழித்தவர், டென்மார்க் வீஸி என்ற சுதந்திர மனிதர்.

கையில் மிச்சம் 900 டாலர். தச்சு வேலையில் இறங்கி நல்ல பெயரும் எடுத்தார். அவர் விலை 600 என்றால், மிச்சப் பணத்தில் இன்னொருவரையும் மீட்டிருக்கலாமே? கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் மனைவி பெக் இன்னொருவருக்குச் சொந்தமான அடிமை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது சட்டம். பெக்கின் உரிமையாளர் விற்க மறுத்துவிட்டார் என்கிறார்கள். 1820இல், சட்டமன்றம் அனுமதித்தால் ஒழிய யாரையும் விடுவிக்க முடியாது என்று புதுச் சட்டமும் வந்தது. விற்க ஆள் இருந்தால்தான் பணத்துக்கு மதிப்பு. லாட்டரி ஒரு ஆளை வெளியே தூக்கிவிட்டது, கதவு பழையபடி சாத்திக்கொண்டது.

1822இல் வீஸி கைதானார். ஜூலை 14 அன்று அடிமைகளைத் திரட்டி நகரைக் கைப்பற்றி, ஹைட்டிக்குக் கப்பலேறத் திட்டமிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஜூலை 2 அன்று தூக்கிலிட்டார்கள். அந்த வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்கள் மொத்தம் 35 பேர். சதியே நீதிமன்றம் மிரட்டி வாங்கிய வாக்குமூலங்களால் ஜோடித்தது என்று வரலாற்றாசிரியர் மைக்கேல் ஜான்சன் 2001இல் வாதிட்டார். விவாதம் இன்னும் ஓயவில்லை.

தூக்குத் தண்டனை கொடுத்தவர்களே வெளியிட்ட அறிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும் வாய்ப்பு வந்தும் வீஸி போகவில்லையாம். தன் நிலைமையில் அவருக்குக் குறை ஏதுமில்லை, ஆனால் பிள்ளைகள் அடிமைகளாக இருந்தார்கள், அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க விரும்பினார் என்கிறது அது. குற்றத்துக்கான காரணமாக அவர்கள் எழுதிவைத்த இந்த வரியை, ஒரு அப்பாவின் ரொம்பச் சாதாரணமான ஆசையாகத்தான் என்னால் படிக்க முடிகிறது. லாட்டரி அடித்தால் அம்மாவுக்கு வீடு என்கிறோமே, அதே ஆசை.

வீஸி போய்வந்த கறுப்பினத் தேவாலயத்தையும் அந்த வருஷமே இடித்துத் தள்ளினார்கள். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபோது, யாரும் யாரையும் விலை கொடுத்து மீட்க வேண்டியிருக்கவில்லை. அதே வருஷம் அந்தச் சபையினர் மறுபடி தேவாலயம் கட்டினார்கள். அதை வடிவமைத்தவர் ராபர்ட் வீஸி, டென்மார்க்கின் மகன்.