பதிவேட்டில் ஒரு பெயர்

ஒரு மக்கள் திரளை அரசின் பதிவேடுகள் எந்தப் பெயரால் குறிக்க வேண்டும் என்ற வினாவை, சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மக்களே எழுப்பினர். பறை என்பது தோற்கருவியையும் சொல்லுதலையும் குறிக்கும் பழஞ்சொல். ஆயினும் அதனோடு உறவுடைய சாதிப்பெயர் வசைச்சொல்லாகத் தாழ்ந்ததோடு, ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்து, ஒதுக்கப்பட்டவர் எவரையும் சுட்டும் பொதுச்சொல்லாயிற்று. அரசு அலுவலகங்களில் வழங்கிய ‘பஞ்சமர்’ என்ற சொல்லும், நான்கு வருணங்களுக்குப் புறம்பான ஐந்தாமவர் என்று பொருள்பட்டதால், இழிவை வேறு வடிவில் நிலைநிறுத்தியதேயன்றி நீக்கவில்லை.

இதற்கு விடை தேடியவர்கள் ஒரே வழியில் செல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவாக வீசப்பட்ட பெயரை மறைக்காமல் தலைப்பிலேயே தாங்கி நின்றுதான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் துணிபு. அயோத்திதாச பண்டிதரோ அப்பெயரைப் பிறர் சுமத்திய பழியாகவே கண்டு, ‘பூர்வத் தமிழர்’, ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற பெயர்களை முன்வைத்தார். 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய வார இதழ், தன் விலையையே பெயரில் கொண்டு ‘ஒரு பைசாத் தமிழன்’ என வெளிவந்து, மறு ஆண்டில் ‘தமிழன்’ ஆயிற்று. தமிழர் என்ற பொதுப்பெயரை, சாதியற்றோர்க்கே முதலில் உரியதென்று உரிமை கோரிய தலைப்பு அது. இதனை வெறும் சொற்பூசலாகக் கொள்வது பிழை. பெயரிடும் உரிமை தம் மக்களுடையது என்பதில் இருவருக்கும் இம்மியும் ஐயமில்லை.

அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால், 1922இல் அரசு பழைய பெயர்களைக் கைவிட்டு, தமிழ்ப் பகுதிகளில் ‘ஆதிதிராவிடர்’ என்றும் தெலுங்குப் பகுதிகளில் ‘ஆதி ஆந்திரர்’ என்றும் எழுத ஆணையிட்டது. ஏட்டில் எழுத்து மாறிய பின்னும் ஊரும் சேரியும் தனித்தனியே இருந்தன. அரசு பின்னர் கட்டித்தந்த குடியிருப்புகளும் பெரும்பாலும் ஊருக்கு வெளியிலேயே அமைந்தமையால், குடியிருப்பு என்ற பொருளே உடைய ‘காலனி’ என்ற சொல், முகவரியைக் கேட்ட அளவிலேயே சாதியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாயிற்று. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கும் அறிவிப்பு 2025 ஏப்ரலில்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வெளியானது.