டோக்கியோவின் ஒளிவினையூக்கி ஆய்வு: ஒரு வரலாறு

சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிளக்கும் ஆய்வுக்குத் தாய்வீடு எது என்று கேட்டால், டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 1967இல் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, தண்ணீரில் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின்மேல் விளக்கொளியைப் பாய்ச்சினார். படிகத்திலிருந்து ஆக்சிஜன் குமிழிட்டது. கம்பியால் இணைத்திருந்த பிளாட்டினத்தில் ஹைட்ரஜன் வந்தது. அதைவிடப் பெரிய செய்தி, படிகம் அப்படியே இருந்ததுதான். துத்தநாக ஆக்சைடாக இருந்தால் ஒளி படப்படத் தானே கரைந்துபோகும். 1972இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வரவே, உலகின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. அந்தப் படிகத்துக்குப் புற ஊதாக் கதிர்தான் வேண்டும். வெயிலில் அதன் பங்கோ மிகச் சிறியது.

1980இல், அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த கசுனாரி டோமெனும் குழுவினரும் நிக்கல் ஆக்சைடு ஏற்றிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் தூளால் நீராவியைப் பிளந்து காட்டினர். கம்பியும் மின்முனையும் தேவைப்படவில்லை. அந்தப் பொருளை டோமென் கைவிடவே இல்லை. 2020இல் ஷின்ஷு பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து அவர் குழு வெளியிட்ட வேலை, என் மதிப்பில் இத்துறையின் உச்சம். படிகக் குறைகளை அலுமினியம் கலந்து குறைத்தார்கள். துகளின் ஒரு வகை முகங்களில் ஹைட்ரஜனுக்காக ரோடியமும் குரோமியம் ஆக்சைடும், வேறு முகங்களில் ஆக்சிஜனுக்காகக் கோபால்ட் சேர்மமும் படிந்தன. ஒளி எழுப்பிய எலக்ட்ரான் ஒரு முகத்துக்கும், அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளை இன்னொரு முகத்துக்கும் பிரிந்துபோனதால், இரண்டும் மீண்டும் சேர்ந்து வீணாவது ஏறக்குறைய நின்றது. 350 முதல் 360 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் குவாண்டம் திறன், அதாவது விழும் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்படும் பங்கு, 96 சதவீதத்தை எட்டியது.

2012இல் தொழில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் ஆர்ப்கெம் என்ற கூட்டமைப்பாக இணைந்தன. அந்தக் கூட்டு முயற்சியில், இபராக்கி மாநிலத்தின் காகியோகா ஆய்வு நிலையத்தில் 100 சதுர மீட்டருக்கு இந்த வினையூக்கி கொண்ட பலகைகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் சதுரம்; மொத்தம் 1,600. இரு வாயுக்களும் கலந்தே வெளிவரும், எளிதில் வெடிக்கும். வேண்டுமென்றே தீயிட்டுப் பார்த்துப் பாதுகாப்பை உறுதி செய்தார்கள். சவ்வு வழியாக ஹைட்ரஜனைப் பிரித்தார்கள். வெயிலின் மொத்த ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறிய பங்கைக் கணக்கிட்டு 2021இல் அறிவித்த உச்சத் திறன் 0.76 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணை, மாதக்கணக்கில் வெட்டவெளியில் ஓடிய கருவியின் கணக்காகத் திறந்து வைத்ததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்தும் ஆக்சிசல்ஃபைடு, ஆக்சிநைட்ரைடு வினையூக்கிகளும் டோமென் குழுவிலிருந்து வந்திருக்கின்றன. யிட்ரியம் டைட்டானியம் ஆக்சிசல்ஃபைடு தண்ணீரைப் பிளப்பதை 2019இல் காட்டினார்கள். அதன் திறன் இன்னும் மிகக் குறைவு. அதை உயர்த்துவதே இப்போதைய வேலை.