சுனாமிக்குப் பிறகு பிறந்த மென்பொருள்

எங்களில் சிலருக்கு சுனாமி ஞாபகம் இருக்கு. மற்றவர்களுக்கு அது வீட்டில் கேட்ட கதை. ஆனால் அந்த அழிவுக்குப் பிறகு எங்கட நாட்டிலேயே பிறந்த ஒரு மென்பொருளைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கதைப்பதில்லை.

2004 டிசம்பர் 26இல் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை தொடங்கி தெற்கே காலி வரை கரையோரம் சிதைந்தது. உலகம் முழுக்க இருந்து உதவி வந்தது. வந்த உதவியைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எந்த முகாமில் எத்தனை பேர்? ஆருக்கு என்ன தேவை? எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது? காணாமல் போன பிள்ளை வேறு முகாமில் இருக்கிறதா? இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வழி இருக்கவில்லை. இப்படியான நேரத்தில் ஓரிடத்துக்கு ஒரே சாமான் இரண்டு தரம் போகும். பக்கத்து இடம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதற்காகத்தான் இலங்கைக் கணினித்துறைத் தொண்டர்கள் சேர்ந்து 'சஹானா'வை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணை நின்றது. முகாம்கள், உதவி அமைப்புகள், தேவைகள், காணாமல் போனோர் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு அதில் இருந்தது.

அவர்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை. ஆரும் எடுத்துப் பாவிக்கலாம், தங்கட தேவைக்கு மாற்றலாம் என்று திறந்த மூலமாக விட்டார்கள். அதனால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு யோக்யகர்த்தா நிலநடுக்கம், 2010 ஹெயிட்டி நிலநடுக்கம் என எல்லா இடத்திலும் அது கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தன் 2006ஆம் ஆண்டு விருதை சஹானாவுக்கு வழங்கியது.

கொடுத்த காசு ஒருமுறை செலவாகும். கொடுத்த நிரல் அடுத்த ஊருக்கும் உதவும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. நிரல் திறந்திருக்கலாம், ஆட்களின் விபரம் திறந்திருக்கக்கூடாது. பெயர்ப்பட்டியல் ஒன்று தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்ப வெள்ளம் வந்தால் நாங்களும் உடனே வாட்ஸ்அப் குழு தொடங்குகிறோம். அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாத்தையும் போட்டுப் பகிர்கிறோம். நல்ல மனசோடதான் செய்கிறோம். அடுத்த மழைக்கு முதல், அதை ஒழுங்காகச் செய்யவும் பழகுவோமா?